மூன்று மாதமாகியும் சுண்டு விரல் மரத்தே கிடக்கிறது: ஆபரேஷன் தோற்றுவிட்டதா?

கேள்வி சுருக்கமாக இதுதான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி, வயது இருபத்தாறு. பொங்கல் முடிந்த கையோடு ஜன்னல் கண்ணாடி உடைந்து, வலது மணிக்கட்டு ரேகைக்கு இரண்டு விரற்கடை மேலே, சுண்டு விரல் ஓரமாக ஆழமாக வெட்டிவிட்டது. அன்றைக்கே ஆபரேஷன். இரண்டு தசைநாணையும் ஒரு நரம்பையும் மைக்ராஸ்கோப் வைத்துத் தைத்திருக்கிறார்கள். இப்போது சித்திரை. சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் இன்னும் மரத்தே இருக்கின்றன; இரண்டும் கொக்கி போல வளைந்து நிற்கின்றன. "தச்சது சரியில்லைங்க, மறுபடி பிரிச்சுத் தைக்கணும்" என்கிறார் ஒரு சொந்தக்காரர். "எண்ணெய் போட்டு நீவினா ஓட்டம் வந்துரும்" என்கிறார் இன்னொருவர். அக்கா கேட்கிறார்: நரம்பு மறுபடி வளருமா, எத்தனை நாளாகும், பட்டறைக்குத் திரும்பலாமா?

நான் சேலத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கை அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். வெட்டுவதும் தைப்பதும் என் வேலை இல்லை. தைத்த பிறகு வரும் ஒரு வருடம், ஒன்றரை வருடம்தான் என் வேலை. அதனால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: மூன்று மாதத்தில் விரல் நுனிக்கு உணர்ச்சி வராதது தோல்வி இல்லை. வந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

குழப்பத்தில் பாதி நம் சொல்லிலேயே இருக்கிறது. நம் ஊரில் எல்லாமே நரம்புதான். புறங்கையில் பச்சையாக ஓடும் ரத்தக்குழாய் நரம்பு. ஊசி போட வந்த சிஸ்டர் "நரம்பு கிடைக்கல" என்று சொல்வது அதைத்தான். குதிகாலுக்கு மேலே கயிறு போல விறைத்து நிற்கும் தசைநாணும் நரம்பு. மூளைக்கும் விரலுக்கும் செய்தி கொண்டுபோவதும் நரம்பு. கண்ணாடி வெட்டில் மூன்றும் சேர்ந்தே அறுபடும், மூன்றையும் டாக்டர் ஒரே மேஜையில் தைப்பார். ஆனால் மூன்றும் ஆறும் விதம் வேறு. ரத்தக்குழாயை இணைத்து கிளிப்பை எடுத்த நிமிடமே ரத்தம் ஓடும். தசைநாண் கயிறு மாதிரி. பன்னிரண்டு வாரத்தில் ஒட்டி, பாரம் தாங்க ஆரம்பித்துவிடும். உங்கள் சொந்தக்காரர் மனதில் இருப்பது இந்தக் கயிற்றுக் கணக்கு. செய்தி கொண்டுபோகும் நரம்பில் இந்தக் கணக்கு செல்லாது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தைப் பற்றி மிளகுக்கொடி ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கொடியை அடியில் ஒருவன் வெட்டிவிட்டான் என்று வையுங்கள். வெட்டுக்கு மேலே இருக்கும் கொடி மரத்திலேயே காய்ந்து உதிரும். அதைக் கொண்டுவந்து எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் பிழைக்காது. வேர்ப் பக்கம் மட்டும் புதிதாகத் துளிர்த்து, அதே மரத்தைப் பற்றி முதலிலிருந்து ஏற வேண்டும். கையிலும் அதேதான். விரலை அசைக்கச் சொல்லும் நரம்பிழையின் வேர் கழுத்துப் பகுதித் தண்டுவடத்துக்குள் இருக்கிறது. தொடு உணர்ச்சியைச் சொல்லும் இழையின் வேர் தண்டுவடத்தை ஒட்டிய ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. மணிக்கட்டில் வெட்டுப்பட்டால், அதற்கு அந்தப் பக்கம் விரல் வரை உள்ள இழை முழுவதும் சில நாளில் சிதைந்து போகும். 1850ல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது இது. இன்றைக்கும் அவர் பெயரில்தான் சொல்கிறோம்.

காய்ந்த கொடி உதிர்ந்தாலும் மரம் நிற்கும் அல்லவா, அதுபோல இழை சிதைந்தாலும் அது ஓடிய மெல்லிய குழாய் அப்படியே காத்திருக்கும். அதற்குள் இருக்கும் ஷ்வான் செல்கள் பழைய குப்பையை அகற்ற உதவி, வரிசையாக நின்று, புது இழைக்கு "இந்தப் பக்கம் வா" என்று ரசாயன அழைப்பு விடும். டாக்டர் தைத்தது அந்தக் குழாய்களைச் சுற்றியுள்ள வெளி உறையை. முடியை விட மெல்லிய நைலான் நூலில், இழுவிசை இல்லாமல், இரண்டு முனையையும் நேருக்கு நேர் வைத்து நாலைந்து தையல். இழையை யாரும் தைக்க முடியாது. தையல் போட்டது பாதைக்கு; பயணம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வேகம் எவ்வளவு? பெரியவர்களுக்கு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வது வழக்கம். சிறு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல். சர்க்கரை நோய் இருந்தால், பீடி சிகரெட் விடாவிட்டால் குறைவு. இழையைக் கட்டும் புரதங்கள் வேரில் உற்பத்தியாகி இழைக்குள்ளேயே ஆமை வேகத்தில் நகர்ந்து வருகின்றன. மேஸ்திரி எத்தனை பேர் நின்றாலும் செங்கல் லாரி வரும் வேகத்தில்தானே சுவர் எழும்பும். அத்தோடு, துளிர்த்த இழை தையல் தழும்பைத் தாண்டவே மூன்று நான்கு வாரம் எடுக்கும்.

இனி உங்கள் தம்பியின் கணக்கு. வெட்டு மணிக்கட்டு ரேகைக்கு 4 செ.மீ. மேலே. ரேகையிலிருந்து சுண்டு விரல் நுனி ஏறக்குறைய 14 செ.மீ. மொத்தம் 18 செ.மீ., அதாவது 180 நாள். தழும்பைத் தாண்டும் மாதத்தையும் சேர்த்தால் ஏழு மாதம். பொங்கலிலிருந்து ஏழு மாதம் எண்ணினால் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயம் வருகிறது. அப்போதுதான் முதல் இழைகள் விரல் நுனியைத் தொடும். "தொடும்" என்றுதான் சொல்கிறேன். உணர்ச்சி தெளிவதற்கு இன்னும் ஒன்றரை, இரண்டு வருடம் கூட ஆகலாம். இன்றைய தேதிக்கு அவை 6 செ.மீ. வந்திருக்கும், உள்ளங்கையின் அடிப்பகுதியில், ரேகையைத் தாண்டி ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

அங்கே நிற்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டு. தம்பியின் உள்ளங்கையை மேசையில் மல்லாத்தி வையுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால், சுண்டு விரல் நுனியில் ஆரம்பித்து, உள்ளங்கை ஓரமாக மணிக்கட்டை நோக்கி மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் "சுரீர்னு சுண்டு விரலுக்குப் போகுதுக்கா" என்பார். அந்த இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் புள்ளி. தழும்பிலிருந்து அந்தப் புள்ளி வரை தையல்காரர் டேப்பால் அளந்து, தேதியோடு நோட்டில் குறித்து வையுங்கள். மாதம் ஒரு முறை போதும். தினமும் தட்டினால் தினமும் மனக்கவலைதான் மிஞ்சும். மாதத்துக்கு இரண்டரை, மூன்று செ.மீ. புள்ளி நகர்ந்தால் இழைகள் வந்துகொண்டிருக்கின்றன.

இந்தச் சோதனையை 1915ல் பிரான்ஸில் ஜூல் டினெலும் ஜெர்மனியில் பால் ஹாஃப்மனும் தனித்தனியே எழுதினார்கள். முதல் உலகப் போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற இரு நாட்டு டாக்டர்கள், ஒரே மாதிரி குண்டடிபட்ட கைகளைத் தட்டிப் பார்த்து ஒரே விஷயத்தைக் கண்டிருக்கிறார்கள். டினெல் அந்த உணர்வுக்கு வைத்த பிரெஞ்சுச் சொல் எறும்பு என்ற சொல்லிலிருந்து வந்தது. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்க" என்று என்னிடம் வருகிற பாதிப் பேர் அவரைப் படிக்காமலே சொல்கிறார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. புள்ளி நகர்வது, சில இழைகள் வருகின்றன என்பதற்கு மட்டுமே சாட்சி. எத்தனை வருகின்றன, சரியான இடத்துக்குப் போகின்றனவா என்று அது சொல்லாது. இரண்டு மாதம் அளந்தும் புள்ளி அசையவில்லை, தழும்பிலேயே மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு முடிச்சு, அதைத் தொட்டால் உயிர் போகிறது என்றால், இழைகள் பாதை கிடைக்காமல் அங்கேயே சுருண்டு கிடக்கலாம். அப்போது சொந்தக்காரர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் தைத்த டாக்டர், நரம்பு மின் பரிசோதனையோடு. ஆறு மாதம் தாண்ட விடாதீர்கள்.

ஏன் அந்த அவசரம்? பொறுமையாக இருங்கள் என்று சொல்லிவிட்டு உடனே கடிகாரத்தைக் காட்டுவது முரணாகத் தெரியும். தோல் நெடுநாள் காத்திருக்கும், தசை காத்திருக்காது. நரம்பு வராத தசை சூம்பி, ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் நார்போல ஆகிவிடும். அதன் பிறகு இழை வந்து சேர்ந்தாலும், ஆள் காலி செய்த வீட்டுக்குத் தபால் வந்த கதைதான். அந்த ஷ்வான் செல்களும் மாதங்கள் போகப் போகக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. உங்கள் தம்பிக்கு அதிர்ஷ்டம், தூரம் குறைவு. சுண்டு விரல் அடிமேட்டுத் தசைக்கு வைகாசி, ஆனியில் இழை வந்துவிடலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கைப் பக்கம் குழி விழுந்திருக்குமே, அந்தத் தசைக்குத்தான் கடைசியில் வரும், ஆடி, ஆவணி. எல்லாமே கெடுவுக்குள்தான்.

ஏற்காடு மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் பைக்கிலிருந்து விழுந்து, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்புக் கொத்து பிய்ந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கழுத்திலிருந்து கை வரை முக்கால் மீட்டர். ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் இரண்டு வருடம். இழை வருவதற்குள் கைத்தசை போய்விடும். அதனால்தான் அவர்களுக்கு டாக்டர்கள் பக்கத்திலேயே உயிரோடு ஓடும் இன்னொரு நரம்பில் ஒரு கிளையை எடுத்து, தசைக்கு அருகே இணைக்கிறார்கள். முழங்கையை மடக்க, கையின் சுண்டு விரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்பின் ஒரு கீற்றைக் கடன் வாங்கும் முறையை 1994ல் பிரெஞ்சு டாக்டர் ஓபர்லின் வெளியிட்டார். உங்கள் தம்பிக்கு அறுந்ததும் அதே அல்நார் நரம்புதான், ஆனால் வெகு கீழே.

விரல் கொக்கி போல வளைந்து நிற்பது பற்றி. பார்க்கப் பயமாக இருக்கும். விரலை மடக்கும் பெரிய தசைகள் முழங்கைக்குக் கீழேயே தங்கள் பங்கு நரம்பை வாங்கிக்கொண்டுவிட்டன. அவை நன்றாக இழுக்கின்றன. அவற்றைச் சமன்செய்யும் உள்ளங்கைச் சிறு தசைகள் மட்டும் செத்துக் கிடக்கின்றன. அதனால் வளைகிறது. வேடிக்கை என்னவென்றால், முழங்கையிலேயே அறுபட்டவருக்கு அந்த மடக்கும் தசையும் செத்துக் கிடப்பதால் ஆரம்பத்தில் இவ்வளவு வளைவு இருக்காது. நரம்பு வளர்ந்து அந்தத் தசைக்கு உயிர் வரும்போதுதான் விரல் அதிகமாக வளையும். "பயிற்சி கொடுத்து மோசமாக்கிட்டீங்களே" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அதுதான் நல்ல செய்தி என்று புரியவைக்க ஒரு டீ செலவாகும்.

நரம்பு வரும்வரை மூட்டு இறுகாமல் காப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் வேலை. விரல் அடி மூட்டைப் பின்னால் போகவிடாமல் பிடித்து நிறுத்தும் சிறிய ஸ்ப்ளின்ட் போட்டே ஆக வேண்டும். மற்றொரு கையால் ஒவ்வொரு விரல் மூட்டையும் முழுக்க நீட்டி மடக்க வேண்டும், தினமும் நாலைந்து வேளை. மூட்டு விறைத்துவிட்டால், நரம்பு வந்தாலும் தசை எதை அசைக்கும்?

எண்ணெய் விஷயம்: தழும்பை மெதுவாக எண்ணெய் தொட்டுத் தேய்ப்பது தோல் ஒட்டாமல் இருக்க நல்லது. ஆனால் "ஓட்டம் வர" அழுத்தி உருவிவிடுவதால் நரம்பு ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுதலாக வளராது. மரத்த இடத்தில் எவ்வளவு அழுத்துகிறார் என்று தம்பிக்கே தெரியாது, அதுதான் ஆபத்து. கரண்ட் வைப்பதைப் பற்றி என் தொழில்காரர்களே கோபப்படலாம்: தசைக்கு மெஷினில் கரண்ட் வைத்தால் உயிர்போகாமல் இருக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதற்கு வந்துபோகும் பஸ் நேரத்தில் ஸ்ப்ளின்டும் பயிற்சியும் செய்தால் பலன் அதிகம். நரம்புச் சத்து மாத்திரை, பி12 ஊசி? உடம்பில் பி12 குறைவாக இருந்தால் கட்டாயம் வேண்டும். சுத்த சைவக்காரர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். குறைவில்லாதவருக்கு அது வேகத்தைக் கூட்டும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

வளர்ந்து வந்த பிறகும் கதை முடியாது. அம்மாபேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ தறியில் பழைய பாவு தீரும்போது புதுப் பாவைப் பிணைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஓர் இழைக்கு ஓர் இழை, ஆயிரக்கணக்கில், ஒன்றுகூட மாறாமல் முறுக்கிவிடுவார். நரம்பில் அந்தப் பிணைப்பு கிடையாது. ஆயிரக்கணக்கான இழைகள் துளிர்த்து வந்து, எதிரே கிடைத்த குழாய்க்குள் நுழையும். சுண்டு விரலுக்குப் போக வேண்டியது மோதிர விரலுக்குப் போகும். தசைக்கானது தோலுக்குப் போய் வீணாகும். பல வருடம் முன்பு ஒரு நெசவாளரின் கண்ணை மூடச் சொல்லி மோதிர விரலைத் தொட்டேன். "சுண்டு விரல்" என்றார். சுண்டு விரலைத் தொட்டேன். கொஞ்சம் யோசித்து, "அதுக்கும் கீழே, விரலே இல்லாத எடத்துல" என்றார்.

இதைத் தன் கையிலேயே செய்து பார்த்தவர் ஹென்றி ஹெட். லண்டன் நரம்பியல் டாக்டர். 1903ல் தன் இடது முன்கையில் தோல் நரம்பை வேண்டுமென்றே வெட்டச் சொல்லி, தைத்துக்கொண்டு, அது திரும்புவதை நான்கு வருடத்துக்கு மேல் நண்பர் ரிவர்ஸ் ஊசியும் பஞ்சும் வைத்துச் சோதித்தார். அதே ரிவர்ஸ்தான் அதற்கு முந்தின வருடம் நீலகிரியில் தோடர்களிடையே ஆய்வு செய்துவிட்டுப் போனவர். ஹெட் அதிலிருந்து கட்டிய கோட்பாடு பிற்பாடு அடிபட்டுப் போனது. ஆனால் அவர் பார்த்தது நின்றது: முதலில் வருவது முரட்டு வலியும் சூடு குளிரும்தான், அதுவும் இடம் தெரியாமல் பரவலாக. மென்மையான தொடுகை வெகு பிந்தி வரும்.

ஆகவே ஆடிக்குப் பிறகு தம்பி "சட்டை பட்டாலே எரியுது" என்பார். பயப்படாதீர்கள், அது இழை வந்ததன் கூச்சல். நம் ஊரில் இதற்கு மருந்து மலிவு: ஒரு குண்டானில் ஜவ்வரிசியைக் கொட்டி, தினம் பத்து நிமிடம் விரலை விட்டு அளையச் சொல்லுங்கள். முதலில் பஞ்சு, பிறகு துணி, பிறகு ஜவ்வரிசி, பிறகு அரிசி. எரிச்சல் அடங்கியதும் அடையாளம் காணும் பயிற்சி: சலங்கை மணி, சாவி, ஐந்து ரூபாய் நாணயம், கொலுசுத் திருகாணி. முதலில் பார்த்துக்கொண்டே தடவ வேண்டும், பிறகு கண்ணை மூடி. விரலிலிருந்து வரும் செய்தி இப்போது வேறு பாஷையில் வருகிறது; மூளை அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பத்து வயதுப் பையன் விளையாட்டாகக் கற்றுக்கொள்வதை இருபத்தாறு வயதுக்காரர் உட்கார்ந்து படிக்க வேண்டும். உங்கள் தம்பியின் விரல் எப்போதும் போலவே ஆகுமா என்றால், பெரும்பாலும் ஆகாது. வேலைக்கு ஆகும் அளவுக்கு வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தை, மார்கழிக் குளிரில் அந்த விரல் கடுக்கும். அது பல வருடம் இருக்கலாம்.

தசைதான் திரும்பவில்லை என்றால்கூட வழி அடைபடவில்லை. நன்றாக வேலை செய்யும் ஒரு தசைநாணைத் திருப்பிவிட்டு விரலை இயக்கும் அறுவையில் உலகப் பெயர் எடுத்தவர் பால் பிராண்ட். 1914ல், இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை 1940களின் கடைசியிலிருந்து நிமிர்த்தினார். அதைவிடப் பெரிதாக நான் மதிப்பது அவர் கண்டு சொன்ன இன்னொன்று: தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறார்கள். தம்பிக்கு இன்றைக்கு இருக்கும் நிஜமான ஆபத்து அதுதான். டீ டம்ளர், பைக் சைலன்சர், தோசைக்கல். கொப்புளம் வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். தினம் ராத்திரி அந்த இரண்டு விரலையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அங்கே வியர்வை சுரக்காது, தோல் காய்ந்து வெடிக்கும். தேங்காயெண்ணெய் தடவுங்கள், எண்ணெய்க்கு இது சரியான இடம்.

பட்டறைக்குப் போகலாமா என்பதற்கு வருகிறேன். போகலாம், நெருப்புப் பக்கமும் மெஷின், கம்பிப் பக்கமும் மட்டும் கூடாது. பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் வேலை, பாலிஷ் மெஷின், கம்பி இழுக்கும் இடம் மூன்றும் இந்த வருடம் வேண்டாம். எடை போடுவது, மணி கோப்பது, ஜோடி பார்ப்பது போன்றவற்றைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலால் செய்யலாம். அந்த மூன்றின் உணர்ச்சி நரம்பு வேறு, அது அறுபடவில்லை. முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார் என்றால் டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது அந்த அளவு நோட்டை எடுத்துப் போங்கள். சித்திரைப் புள்ளியும் வைகாசிப் புள்ளியும் அதில் இருக்கட்டும். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.